போர்வெல் அண்ணனும் பத்து மீட்டர் பேரலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் போர்வெல் அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்காத குழாய் ஒன்று பாக்கி இருந்தால், அது இன்னும் கம்பெனியிலிருந்து வரவில்லை என்று அர்த்தம். நான் கணக்கு டீச்சர். மிகைப்படுத்திச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும் என்பதால் எதையும் அளந்துதான் பேசுவேன். இதையும் அளந்துதான் சொல்கிறேன்.

திருக்கோகர்ணத்தில் ஒரு கல்யாணம். நாதஸ்வரக்காரர் காபி குடிக்க எழுந்துபோன இரண்டு நிமிடத்தில் அண்ணன் அவருடைய வாத்தியத்தைத் தூக்கி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பதறி ஓடி வந்த வித்வானிடம், "ஒண்ணுமில்லங்க, வளைவு இல்லாம நேராத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஜூஸ் கடையில் ஸ்ட்ராவை வாயில் வைப்பதற்கு முன்னால் கண்ணில் வைப்பார். ஒருமுறை காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வாங்கிப் பார்த்து, ரப்பர் வெடித்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, மாத்திரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருக்குத் தொழில் ஆழ்துளைக் கிணறு போடுவது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது; அதற்கு வெளியே அந்தப் பெயருக்கு வேலை இல்லை. அவருடைய மனைவியே செல்போனில் அவரை 'போர்வெல்' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறார். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழில் என்பதால், மற்ற வண்டிக்காரர்கள் புழுதி வந்தாலும் பாறை வந்தாலும் பூமியின் மறுபக்கம் வரைக்கும் இறக்கத் தயாராக இருப்பார்கள். இவர் முன்னூறு அடியில் வண்டியை நிறுத்தி, "இதுக்குக் கீழ எறக்குனா எனக்குத்தாங்க லாபம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இப்படித் தொழில் செய்தால் கையில் என்ன தங்கும்? நல்ல பெயர் தங்கியது. அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் துப்பாக்கிப் பேரல் தரமாட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூடிக்கிடந்த ஒரு அரிசி ஆலையின் குடோன். அதில் பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, ஆறு பேர் வரிசையாக நின்று சுட வசதி செய்திருந்தோம். காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டல், மிளகு அளவு ஈயக்குண்டு, வெடிமருந்து கிடையாது. செகரட்டரி ஒரு பல் டாக்டர். நான் ஸ்கோர் போடுகிறவள். எனக்குச் சுடத் தெரியாது, கூட்டத் தெரியும்.

அந்தக் குடோனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றுதான் போர்வெல் அண்ணனைக் கூப்பிட்டோம். வழக்கம்போல முன்னூறு அடியில் நிறுத்திவிட்டார். புழுதிதான் வந்தது. மனிதர் சோர்ந்துபோய் குடோனுக்குள் வந்து உட்கார்ந்தார். அவரைத் தேற்றுவதற்காக டாக்டர் ஒரு பிஸ்டலைக் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டி, ஒரே ஒரு குண்டு சுடச் சொன்னார். அண்ணன் முதலில் அதன் வாய்ப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகத் திருப்பப் பார்த்தார். டாக்டர் பாய்ந்து கையைப் பிடித்து, எதிரே வட்டம் போட்டு மாட்டியிருக்கும் கார்டைப் பார்த்துச் சுட வைத்தார். குண்டு நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது.

"இது எத்தன டீச்சர்?" என்றார். பத்து என்றேன். "இதுக்கு மேல?" என்றார். இதற்கு மேல் கிடையாது என்றேன்.

"அப்ப இதுதான் தண்ணியா" என்று சொல்லிவிட்டு அந்தக் கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாளே மெம்பர் ஆகிவிட்டார். யாரோ விற்ற ஒரு பழைய உள்நாட்டு பிஸ்டலை வாங்கினார். ஐம்பத்தைந்து வயதில் மனிதருக்குப் பித்து பிடித்தால் எப்படிப் பிடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒருதடவை மாநிலப் போட்டியில் போய் நின்று சுட வேண்டும். அதற்கு எங்கள் கிளப் ஒரு வரம்பு வைத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தேர்வில் அறுபது குண்டு சுட்டு, அறுநூற்றுக்கு ஐந்நூற்றுப் பத்து எடுத்தால் அனுப்புவோம். அண்ணன் ஒரு வருடம் ஐந்நூற்று ஐந்து எடுத்தார். அடுத்த வருடம் ஐந்நூற்று ஏழு. இதற்குப் போய் இப்படி அலைகிறீர்களே என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "டீச்சர், முப்பது வருசமா கண்ணுக்குத் தெரியாத எடத்தக் குறிவச்சுக்கிட்டு இருக்கேன். இது ஒண்ணுதான் கண்ணுக்கு முன்னாடி நிக்கிது" என்றார். அதற்குப் பிறகு நான் சலித்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வருடம், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, அவருடைய ஸ்கோர் நானூற்று எண்பதுக்கு இறங்கியது. பேரல் கெட்டுவிட்டது என்று அறிவித்தார். மறுநாள் அவர் மனைவி பள்ளிக்கூட வாசலில் வந்து என்னைப் பிடித்தார்.

"டீச்சர், கோளாறு கொழாயில இல்ல. வலது கை ஆடுது. இத்தன வருசம் வண்டி லிவரப் புடிச்ச கையி. அடுத்த வருசத்துக்கு இன்னும் ஆடும்னு ஆஸ்பத்திரி டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. அதுனால இந்த வருசம் போனாத்தான் உண்டு. இவுக கொழா கொழான்னு திரியிறாக. நீங்க தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாதீங்க" என்றார்.

எனக்குப் பொய் வராது. கோபம்தான் வரும். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. பல் டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவரும் வாயை மூடிக்கொண்டார், பல் டாக்டருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ஈயக்குண்டு மெத்தென்று இருப்பது, சும்மா துடைத்து வைத்தால் ஒரு பேரல் ஆயுசுக்கும் தேயாது என்பது அவருக்குத் தெரியும். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "மாத்திப் பாப்போம்ணே" என்றார்.

இப்படியாகப் புதுப் பேரல் தேடும் படலம் ஆரம்பமானது. அண்ணன் வைத்த நிபந்தனை ஒன்றுதான். எவ்வளவு நல்ல பேரலாக இருந்தாலும் சரி, போர்வெல்லுக்குள் இறக்கும் ஒரு கேசிங் பைப்பின் விலையைத் தாண்டக் கூடாது. இருபதடிக் குழாய்க்குக் கொடுப்பதைவிட ஒரு சாண் குழாய்க்கு அதிகமாகக் கொடுத்தால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். பில் போட்டு விற்கும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். எந்த மாடல் என்று கடைக்காரர் கேட்க, தகடு என்ன கனம், ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா, எத்தனை அடிக்குத் தாங்கும் என்று இவர் கேட்க, ஐந்து நிமிடம் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கடைக்காரர் நொந்துபோய், இது பத்து மீட்டருக்குத்தான் சார் என்றார். "சரி, முப்பத்திமூணு அடி. அப்புடிச் சொல்லுங்க" என்று அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தக் கடையில் அவருடைய பிஸ்டலுக்குப் பொருந்துவது மூன்று இருந்தது. ஒன்று அதே கம்பெனி பேரல், நியாயமான நீளம், விலை கேசிங் பைப்பைத் தாண்டியது. இரண்டாவது வேறு ஒரு கம்பெனி, சுமாரான விலை. மூன்றாவது ரொம்ப நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த சரக்கு, மற்றதைவிட நான்கு விரற்கடை நீளம், விலை பாதி. டாக்டர் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். நீளம் முக்கியமில்லை, உள்ளே திருகலாக ஓடும் வரிகள் ஒரே சீராக இருக்க வேண்டும், குண்டு வெளியேறும் வாயில் ஒரு பிசிறு இருக்கக் கூடாது, எந்தக் குண்டு எந்தப் பேரலுக்கு ஒத்துப்போகிறது என்று நாலைந்து ரகம் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும், அதனால் இரண்டாவதை வாங்குங்கள் என்றார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மூன்றாவதை வாங்கினார்.

"நீளமாவும் இருக்கு, வெலையும் கம்மி. இத விட்டுட்டு எவனாச்சும் குட்டையா வாங்குவானா டாக்டர்?"

பார்சல் வந்த அன்று ஊரே பேரல் பார்த்தது. ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்தார்கள். டீக்கடையில் பார்த்தார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, சூப்பராக இருக்கிறது என்றார். என்ன சூப்பர் என்று அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. என் பங்குக்கு நானும் பார்த்தேன். ஒரு வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வரிகள் சுழன்று போயின. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் இருப்பது அநியாயம்.

பொருத்தி முடித்ததும் டாக்டர் ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். போட்டி பிஸ்டல் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பது சட்டம். அண்ணனின் பிஸ்டல் அடங்கவில்லை. மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் எல்லோரும் வருத்தப்பட்டோம். வருத்தப்படாத ஒரே ஆள் அண்ணன்தான். இருங்க வாரேன் என்று வெளியே போனார். வண்டிப் பக்கமிருந்து கரகரவென்று சத்தம் கேட்டபோது டாக்டருக்கு முதலில் புரிந்தது. வேணாம்ணே, வேணாம்ணே என்று ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் ஆக்ஸா பிளேடால் நான்கு விரற்கடையை அறுத்து முடித்து, அரத்தால் பாசத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர்மேல் தப்பில்லை. அவர் தொழிலில் குழாயை எப்போதும் நீளமாகத்தான் வாங்குவார்கள். பூமிக்குள் இறக்கி முடித்த பிறகு, மேலே மிச்சம் நிற்பதை அறுத்துவிட்டு மூடி போடுவார்கள். அறுத்த வாய் எப்படி இருந்தால் யாருக்கு என்ன? பேரலில் மட்டும் அந்த வாய்தான் எல்லாம். அது ஒரு பக்கம் கோணலாக இருந்தால், குண்டுக்குப் பின்னால் வரும் காற்று அந்தப் பக்கமாக வழிந்து குண்டைத் தள்ளிவிடும். டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைப் பேரலின் வாயில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எடுத்துவிட வேண்டிய பல்லைப் பற்றிச் சொல்லும் குரலில், "ரொம்ப லேட்டா வந்துட்டீங்க" என்றார்.

அண்ணன் நம்பவில்லை. சுட்டுப் பார்த்தார். முதல் குண்டு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த டாக்டர் தன் கார்டை இழுத்து எண்ணிப் பார்த்தபோது, ஐந்து குண்டுக்கு ஆறு ஓட்டை இருந்தது. ஆறாவது ஓட்டை நட்ட நடுப் பத்தில். அந்தப் பத்து என்னுது என்று அண்ணன் கேட்டார். அடுத்தவர் கார்டில் சுட்டால் பூஜ்யம் என்று நான் சொன்னேன். அந்த ஒரு பத்துக்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தார். பேசவில்லை என்பதைச் சொல்ல மூன்று நாளும் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார்.

நான்காம் நாள் பழைய பேரலையே திரும்ப மாட்டினோம். புதிதாக இன்னொன்று வாங்கக் கையில் தெம்பில்லை. பழையது மோசமில்லை என்று காட்டி அவருக்குத் தைரியம் கொடுக்கலாம் என்று டாக்டர் நினைத்தார். நினைத்தது நல்லதுதான், யோசிக்காமல் செய்துவிட்டார். பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் பிஸ்டலை டியூப் ரப்பர் சுற்றி இறுக்கி, கை படாமல், நான்கு ரகக் குண்டையும் போட்டுப் பார்த்தார். மூன்று ரகம் சுமார். நான்காவது ரகத்தில் ஐந்து குண்டு சுட்டுவிட்டுக் கார்டை இழுத்தால், ஒரே ஓட்டைதான் இருந்தது. ஐந்தும் ஒரே வழியாகப் போயிருந்தன.

டாக்டர் சந்தோஷமாகக் கார்டைத் தூக்கிக் காட்டினார். காட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. அண்ணன் கார்டைப் பார்த்தார், வைஸைப் பார்த்தார், பிறகு தன் வலது கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தார். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப நாந்தான் ஆடுறேன். இல்லையா டீச்சர்?"

"ஆமாண்ணே."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீங்க எங்கள எங்க சொல்ல விட்டீங்க?" என்றேன். அழுகை வந்தால் எனக்கு இப்படித்தான் அதட்டல் வரும்.

அண்ணன் கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். பிறகு, வைஸைத் தோளில் மாட்டிக்கொண்டு சுடலாமா என்று ரூல் புத்தகத்தில் பார்க்கச் சொன்னார். டாக்டர் மெய்யாகவே புத்தகத்தை எடுத்துவிட்டார். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். பிஸ்டலைத் தூக்கியதும் முதல் சில நொடிகள் கை நிற்கிறது, அதற்குள் சுட முடிந்தால் சுடுங்கள், ஆட்டம் கண்டால் வம்புபண்ணாமல் இறக்கிவிட்டு ஓய்வெடுத்துத் திரும்பத் தூக்குங்கள் என்றார். நீளத்தைப் பற்றிச் சொன்னபோது கேட்காத மனிதர் இதைக் கேட்டுக்கொண்டார். ஒரு மாதம் தினமும் வந்தார். ஸ்கோர் ஐந்நூறைத் தொட்டது. பிறகு ஐந்நூற்று நான்கு.

தேர்வு நாள் வந்தது. அறுபது குண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். மற்றவர்கள் முக்கால் மணியில் முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் தூக்குகிறார், இறக்குகிறார், மறுபடி தூக்குகிறார். சுட்டதைவிட இறக்கியதுதான் அதிகம். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குக் கை வலித்தது. அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைசிக் குண்டு போனபோது கடிகாரத்தில் அரை நிமிடம் இருந்தது.

பன்னிரண்டு கார்டு. பதினொன்றைக் கூட்டினேன், நானூற்று அறுபத்தைந்து. பன்னிரண்டாவதில் நாற்பத்தைந்து வேண்டும். ஐந்து ஓட்டையில் நான்கு தெளிவாக இருந்தன. பத்து, ஒன்பது, ஒன்பது, எட்டு. ஐந்தாவது ஓட்டை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை ஒட்டி நின்றது. கோட்டைத் தொட்டிருந்தால் ஒன்பது, அண்ணன் மாநிலப் போட்டிக்குப் போகிறார். தொடவில்லை என்றால் எட்டு.

இப்படிப்பட்ட ஓட்டைக்கு என்றே குண்டின் பருமனில் ஒரு அளவுகோல் உண்டு. அதை ஓட்டைக்குள் விட்டு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் விடலாம், இரண்டாம் தடவை காகிதம் விரிந்துவிடும். விட்டேன். பார்த்தேன். கோட்டுக்கும் அளவுகோலுக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெள்ளை தெரிந்தது. லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளை அங்கேயே இருந்தது. டாக்டர் என் காதருகில் குனிந்து, "தொட்ட மாதிரித்தான் டீச்சர் தெரியிது" என்றார். அவர் லென்ஸ் வழியாகப் பார்க்கவே இல்லை.

எத்தனையோ பிள்ளைகளுக்கு முப்பத்துநான்கை முப்பத்தைந்தாக்கிப் பாஸ் போட்டிருக்கிறேன். அதை மறைக்கவில்லை. அந்தப் பேனாதான் அன்றும் கையில் இருந்தது. ஆனால் இந்த மனிதர் கேட்டது தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றுதான். இருக்கிறது என்று நான் எப்படிப் பொய் சொல்ல முடியும்?

"எட்டு" என்றேன். "மொத்தம் ஐந்நூற்று ஒன்பது."

அண்ணன் லென்ஸை வாங்கி அவரும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "டீச்சர் சொல்றது சரிதான். வெள்ள தெரியிது" என்று டாக்டரிடம் சொன்னார். பிஸ்டலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு மனைவியோடு போய்விட்டார்.

ஒரு வாரம் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை, பிள்ளைகளுக்குத் திட்டு இறங்கியது. ஒரு மயிரிழைக்காக ஒரு மனிதரின் ஒரே ஆசையைக் கெடுத்த பாவி நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் செய்ய எடுத்து எடுத்து வைத்தேன். அவருடைய பிஸ்டலை விலைக்குக் கேட்டு அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்ததாக டாக்டர் சொன்ன அன்று, கரும்பலகையில் நான் போட்ட கணக்கெல்லாம் தப்பாய்ப் போனது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் குடோன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பிஸ்டலை விற்கவில்லை. கைப்பிடியைத்தான் மாற்றியிருந்தார். பூவரசங்கட்டையில் தானே செதுக்கிய, இடது கைக்கான கைப்பிடி. இரண்டு வாரமாக அதைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தாராம். சோற்றுக் கையை மாற்றிச் சாப்பிட்டுப் பழகியதில் இரண்டு சட்டை பாழாகிவிட்டதாக அவர் மனைவி பின்னால் நின்று புகார் சொன்னார்.

"இந்தக் கை லிவரப் புடிக்காத கையி டீச்சர். ஆடாது. ஆனா ஒண்ணும் தெரியாது, ஒண்ணாப்புலேர்ந்து ஆரம்பிக்கணும். கார்டு போடுங்க" என்றார்.

அறுபது குண்டு சுட்டார். சுவரில் பட்டது போக, மேலே தகரத்தில் பட்டது போக, கார்டில் விழுந்ததைக் கூட்டினேன். இருநூற்றுப் பதினாறு. இருபத்திரண்டு வருடமாக மார்க் போடுகிறேன். இவ்வளவு குறைந்த மார்க்கை இவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் நான் போட்டதில்லை.